எண்பது ஆட்டம், ஒரு தோல்வி இல்லை

இருங்க தமயந்தி அக்கா, காபியெல்லாம் அப்புறம் போடலாம். முதலில் இப்படி உட்காருங்க. மடியில் பாப்பா முழித்துக்கொண்டால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். என்னைத் தெரிகிறதல்லவா? பெலிசிட்டா. சகாயராஜ் சம்சாரம். உங்கள் வீட்டுக்குப் போக்கர் சீட்டு ஆட வருகிறாரே, அந்த சகாயராஜ். பாப்பா ஞானஸ்நானத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது வாசலோடு போய்விட்டோம். உள்ளே வருவது இதுதான் முதல் தடவை.

வேண்டுமென்றேதான் புதன்கிழமை பார்த்து வந்தேன். இன்றைக்கு ஆட்டம் கிடையாது, அவருக்குக் கம்பெனியில் ஓவர்டைம். ஆண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தால் நாம் இரண்டு பேரும் பேச முடியுமா? குணசீலன் அண்ணன் எங்கே? வீட்டில் இல்லையா? நல்லதாகப் போயிற்று. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, நான் முடித்துவிடுகிறேன், அப்புறம் சொல்லுங்க.

இந்த வட்ட மேசைதானே? எவ்வளவு கேட்டிருக்கிறேன் இதைப் பற்றி! பச்சைத் துணி விரித்து, நடுவில் விளக்கு தொங்கவிட்டு, ஜம்மென்று இருக்கும் என்பார். இப்போது துவைத்த துணி மலை மாதிரி கிடக்கிறது. ஆட்டத்தன்றைக்கு மட்டும் ஒதுக்கிவிடுவீங்க போல. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ் அதுவா, அலமாரி மேலே? அதற்குள்தான் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டச் சில்லு எல்லாம் இருக்குமாம். தப்பாக நினைக்காதீங்க அக்கா, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நேற்றுக்கூட ஆடினார்களே, ஒரே நாளில் இவ்வளவு தூசியா? தெருவில் ரோடு போடுகிறார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இவர் சீட்டு ஆடுகிறார் என்று முதலில் தெரிந்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமெல்லாம் இல்லை. நான் பயப்படுகிற ஆளே கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேளுங்க. பாப்பா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன், ஒரு ராத்திரிக்கு ஆறேழு தடவை, அவ்வளவுதான். அது எல்லா அம்மாவும் செய்வது. சிலிண்டரை மூடினோமா என்று படுத்த பிறகு இரண்டு தடவை எழுந்து பார்ப்பேன். அது ஜாக்கிரதை. சீட்டாடிக் குடும்பம் போன செய்தி பேப்பரில் வந்தால் கத்தரித்து அவர் டிபன் பாக்ஸில் சப்பாத்திக்கு மேலே வைத்து அனுப்புவேன். அதுவும் ஜாக்கிரதைதான்.

ஒரு நாள் அவர்தான் என்னை உட்கார வைத்து விளக்கினார். "பெலிசி, நீ நெனைக்கிற மாதிரி இல்ல. இதுக்குன்னு தனியா ஒரு முதல் எடுத்து வச்சிருக்கேன். பேங்க்ரோல்னு சொல்வாங்க. போனஸ் பணம் நாப்பதாயிரம். பால் காசு, வாடகைக் காசு எதுவும் அதுக்குள்ள போகாது. ஒரு நாள் உட்கார்ந்தா அதுல இருபதுல ஒரு பங்கு, ரெண்டாயிரம்தான் மேசைக்கு வரும். அது போச்சுன்னா எழுந்து வந்துடணும். ஆள் அழிஞ்சு போறது சீட்டால இல்ல, எழுந்து வராததால." எல்லோருடைய முதலும் குணசீலன் அண்ணன் பீரோவிலேயே இருக்கும் என்றும் சொன்னார்.

எனக்கு அது பிடித்துப் போயிற்று அக்கா. நான் கான்வென்டில் வளர்ந்தவள். எங்கள் சிஸ்டர் ரோஸலின் ரிப்பனை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதற்குக்கூட விதி வைத்திருந்தார். விதி இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் விதி இருந்தால் போதுமா? பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நோட்டுப் போட்டேன். ஜெயித்தால் வெள்ளி ஸ்டார் ஒட்டுவேன். ஜெயித்ததில் பாதி வீட்டுக்கு, பாதி முதலுக்கு. அது நான் போட்ட விதி. விதியை மீறினால் இம்போசிஷன்.

சிரிக்காதீங்க அக்கா! நிஜமாகத்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள் எழுந்து வராமல் இன்னொரு ரெண்டாயிரம் போட்டு ஆடியிருக்கிறார். அவரே வந்து சொன்னார், அதுவரைக்கும் நல்ல மனுஷர். "தோற்ற பிறகு மறுபடி உட்கார மாட்டேன்", ஐம்பது தடவை. எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. அடுத்த வாரமும் அதே தப்பு, அதையும் அவரே வந்து சொன்னார். இந்தத் தடவை நூறு. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. கொஞ்சம் உறைக்கட்டுமே என்றுதான்.

அதற்கப்புறம் பாருங்க! ஆடி பிறந்ததிலிருந்து மனுஷர் தோற்கவே இல்லை.

வாரத்துக்கு ஐந்து நாள், இதுவரை எண்பது ஆட்டம், ஒரு தோல்வி கிடையாது. முந்நூறு, நானூறு, முந்நூற்றைம்பது என்று மணி அடித்த மாதிரி கையில் கொடுக்கிறார், அதே அளவு முதலில் போட்டுவிட்டேன் என்கிறார். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் ஆடிய அண்ணனே அப்படி ஆடியிருக்க மாட்டார். எல்லாம் அந்த இம்போசிஷன்தான். கை எழுதினால் மனசுக்குள் போய்விடும் என்று சிஸ்டர் சொல்வார்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்க. மழை பெய்தால் இவர் கூடுதலாக ஜெயிக்கிறார். போன வாரம் அந்தப் பேய்மழையில் அறுநூறு! எப்படி என்று கேட்டால், "மழைன்னா ஒருத்தரும் வெளிய போக மாட்டாங்க பெலிசி, நமக்கு நல்ல வசூல்" என்கிறார். கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் தொப்பலாக நனைந்து வருகிறார். உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷம். ஐந்து மணி நேரம் ஊறப்போட்ட துணி மாதிரி வந்து நிற்கிறார்.

அப்புறம் சட்டையில் பிரியாணி வாசம். நான் கேட்கவே கூடாது, இருந்தாலும் கேட்கிறேன், ஐந்து நாளும் பிரியாணியா போடுறீங்க? ஒரு நாளாவது ஒரு துண்டு கறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா? வந்ததும் ரசம் சோற்றை மூன்று தடவை போட்டுச் சாப்பிடுகிறார், நீங்க பட்டினி போட்ட மாதிரி. உங்கள் நாற்காலியையும் கொஞ்சம் கவனிங்க அக்கா. முதுகு வலி, இடுப்பு வலி என்று தைலம் தேய்க்கச் சொல்கிறார். நிழலில் உட்கார்ந்து ஆடுகிற ஆளுக்குப் புறங்கை இரண்டும் கருத்துப் போயிருக்கிறது. அந்த விளக்கு ரொம்பச் சூடோ?

ஆள் நடை உடையே மாறிவிட்டது. போன வாரம் சொந்த வீட்டு பெல்லை அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு. நான் கதவைத் திறந்ததும் "வணக்கம்" என்கிறார்! முன்பெல்லாம் ஒரு வெள்ளி ஸ்டார் ஒட்டினாலே வெட்கப்படுவார். இப்போது "அஞ்சு ஸ்டார் போடு பெலிசி" என்று கேட்டு வாங்குகிறார். ஜெயிக்க ஆரம்பித்தால் ஆசை வந்துவிடுகிறது, என்ன செய்ய?

நீங்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது எனக்குப் புரிகிறது அக்கா. நாங்கள் எண்பது நாள் ஜெயித்தோம் என்றால் யாரோ எண்பது நாள் தோற்றிருக்க வேண்டும். அது குணசீலன் அண்ணனாகத்தான் இருக்கும். எனக்கும் சங்கடம்தான். அதற்காகத்தான் இந்த ஸ்வீட் பாக்ஸ். வைத்துக்கொள்ளுங்க. அண்ணனுக்கும் வேண்டுமானால் ஒரு நோட்டுப் போட்டுத் தருகிறேன்.

இல்லை, இருங்க, இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை.

பாப்பாவுக்கு ஒன்பது மாசம். இவர் காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்குக் கிளம்புகிறார், அவள் தூங்குகிறாள். இரண்டு மணிக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்கு இங்கே ஓடி வருகிறார். திரும்ப வரும்போது அவள் மறுபடி தூங்குகிறாள். போன ஞாயிறு பூசைக்குப் போகத் தூக்கினார். யாரோ அந்நியன் தூக்கின மாதிரி வீரிட்டு அழுதாள். அவர் என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

எனக்கு அந்த வண்டியே பிடிக்கவில்லை அக்கா. அவர் வருகிற வரைக்கும் தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பேன். பயமில்லை, சும்மா எண்ணுவேன்.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே பெரிய மேசை ஒன்று உண்டாமே, ஒரு தடவை உட்காரப் பத்தாயிரம். அதில் ஆடினால் வாரத்துக்கு ஒரே நாள் போதும். மிச்ச நாலு நாளும் மனுஷர் வீட்டில் இருப்பார், பாப்பா அப்பா முகத்தைப் பார்ப்பாள். ஆனால் இருபதில் ஒரு பங்குதான் மேசைக்கு வரலாம், விதி விதிதான். பத்தாயிரம் மேசைக்கு முதல் இரண்டு லட்சம் இருக்க வேண்டும். ஆனியில் தோற்றதும் அதற்கு முன் ஜெயித்ததும் சரிக்குச் சரி, ஆகவே உங்கள் பீரோவில் இப்போது எங்கள் முதல் பழைய நாற்பதும் புது இருபத்தெட்டுமாக அறுபத்தெட்டாயிரம். மீதி ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

அது இந்தப் பையில் இருக்கிறது.

அதிர்ச்சியாகாதீங்க. அம்மா போட்ட இரண்டு ஜோடி வளையல், காலையில்தான் அடகு வைத்தேன். வீட்டுக் காசு முதலுக்குள் போகக் கூடாது என்பது தெரியும், அதையும் யோசித்தேன். வளையல் வீட்டுக் காசு இல்லையே, நகை. நகையைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அவருக்குப் பிறந்த நாள். அவர் வந்து உட்காரும்போது அண்ணன் "சகாயம், நீ இனிமே பெரிய மேசை"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் கேட்பது. இந்தாங்க, எண்ணிப் பாருங்க. ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீங்க? பிடிங்க அக்கா.

இருங்க, போன் அடிக்கிறது. அவர்தான். ஓவர்டைம் நேரத்தில் கூப்பிட மாட்டாரே. நான் இங்கே இருப்பது தெரியக் கூடாது, நீங்க பேசாமல் இருங்க. ஸ்பீக்கரில் போடுகிறேன், பாப்பாவும் முழித்துவிட்டாள், அப்பா குரலைக் கேட்கட்டும்.

"சொல்லுங்க."

"பெலிசி, இன்னிக்கு ஓ.டி. இல்லன்னுட்டாங்க. மழை வேற ஊத்துதா, எல்லாரும் திடீர்னு கூடிட்டாங்க. குணசீலன் அண்ணன் வீட்லதான் இருக்கேன். வர லேட்டாகும்."

"எங்க இருக்கீங்க?"

"அண்ணன் வீட்லம்மா. இப்பத்தான் சீட்டைப் போட்டாங்க."

"...அண்ணன் வீட்லயா?"

"ஆமா. அக்கா இப்பத்தான் சூடா வாழைக்காய் பஜ்ஜி வச்சிட்டுப் போறாங்க."

"தமயந்தி அக்காவா? நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. உன்னையும் பாப்பாவையும் ரொம்ப விசாரிச்சாங்க. நீ எங்க இருக்க?"

"வீட்லதான்."

"என்ன, பாப்பா சிணுங்குற மாதிரி இருக்கு?"

"டிவி. அங்க என்ன சத்தம்?"

"அது... இங்கயும் டிவிதான்."

"யாரோ நூத்தி நாப்பத்தேழு, ரெண்டு மட்டன் ஒரு சிக்கன் பார்சல் ரெடின்னு கத்துறாங்களே."

"வை வை, என் முறை வந்துடுச்சு. வச்சிடுறேன்."

...

அக்கா.

இந்த நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா. நான் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில்.

இப்போது சொல்லுங்க. வந்ததிலிருந்து சொல்ல வாயெடுத்தீங்க, நான்தான் விடவில்லை. சொல்லுங்க, நான் பேசவில்லை.

அண்ணன் ஆடி மாசமே சிங்கப்பூர் திரும்பிப் போய்விட்டாரா? அப்போதிலிருந்து இந்த வீட்டில் சீட்டே எடுக்கவில்லையா? அதற்கு முன்னாலேயே நாற்பதாயிரமும் போய்விட்டதா? எப்போது? ஒரே மூச்சில் இரண்டு நாளிலா? எந்த இரண்டு நாள்?

நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது.

ஓ.

இல்லை, அழவில்லை. நீங்க சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும், மாடி வீட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்தீங்களா? முதுகில் அந்தப் பெரிய பையோடு? பெல்லை அடித்துவிட்டு இரண்டடி தள்ளி... ம். மேலே சொல்லுங்க. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாரா? உங்களிடமா?

எங்கே எழுந்து போறீங்க? பீரோவில் என்ன?

இது என்ன கவர்? ஒவ்வொன்றிலும் தேதி. அவர் கையெழுத்துதான், முத்து முத்தாக. ஜூலை பதினெட்டு, ஜூலை பத்தொன்பது... அந்தப் பேய்மழை நாளும் இருக்கிறது. வாரா வாரம் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாரா? சம்பாதித்ததில் பாதி எனக்கு, பாதி இதில். அது நான் போட்ட விதி. சீட்டு ஆடுவதற்குப் போட்ட விதி அக்கா அது. வண்டி ஓட்டுகிறவருக்கு அது எதற்கு? பெட்ரோலுக்குக்கூட இதிலிருந்து எடுக்கவில்லையே.

இருபத்தெட்டாயிரமா. நாற்பது ஆனதும் முழுசாக என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்றாரா? சரி, நாற்பது ஆகிற வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? போனது போனது என்று அன்றைக்கே வந்து சொன்னால் நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? என்ன சொன்னார்? சும்மா சொல்லுங்க.

"அவ பயந்துடுவா"ன்னாரா?

யார், நானா? நான் எதற்குப் பயப்படப் போகிறேன்? நான் அப்படி என்ன...

சிரிங்க, பரவாயில்லை. நானும் சிரித்துவிடுவேன் போல இருக்கிறது.

சரி அக்கா. பயந்தவள்தான். ஒரு மனுஷர் தப்புச் செய்தேன் என்று வந்து நின்றால் நூறு தடவை எழுது என்று நோட்டை நீட்டினேன். இரண்டாவது தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது தடவை அவர் வாயே திறக்கவில்லை. யார் திறப்பார்கள்?

இதை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டுங்க. நான் பார்த்ததாக இருக்க வேண்டாம், அது அவர் முதல். என் பையும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, தாங்க. நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் வளையலை மீட்டுவிடுகிறேன். ஒரு நாள் வட்டி போனால் போகட்டும்.

இந்த மழையைப் பாருங்க. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ. எத்தனை மாடி ஏறுகிறாரோ. வீட்டுக்கு வந்தாவது உண்மையைச் சொல்லுவாரா என்றால், எப்படிச் சொல்லுவார்? நான் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியாது.

பாப்பாவை ஒரு நிமிஷம் பிடிங்க. அழமாட்டாள், உங்களிடம் நன்றாகத்தான் ஒட்டிக்கொள்கிறாள். நான் அவரைக் கூப்பிடுகிறேன். இல்லை, திட்டுவதற்கு இல்லை.

"என்னங்க."

"என்னம்மா, மறுபடியும்? ஆட்டத்துல இருக்கேன்."

"வண்டியில போய்க்கிட்டே பேசுறீங்களா?"

"சேச்சே, இல்ல. ஓரமா நிறுத்திட்டுத்தான்... ஓரமா உட்கார்ந்துதான் பேசறேன்."

"சரி. ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு. இன்னிக்குத் தோத்தாலும் பரவாயில்ல. எவ்வளவு போனாலும் பரவாயில்ல. வீட்டுக்கு வந்துடுங்க."

"ஏய், என்னாச்சு? பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? பெலிசி? நீ நல்லாத்தானே இருக்க?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மாதான் சொன்னேன்."

"பயமுறுத்தாத பெலிசி. இரு, இன்னும் ரெண்டே ரெண்டு ஆட்டம் கையில இருக்கு. முடிச்சிட்டு உடனே வந்துடுறேன்."

"ரெண்டையும் முடிச்சிட்டே வாங்க. பாவம், பசியோட காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆறிப் போயிடும்."

...

அவர் இன்னும் போனை வைக்கவில்லை அக்கா. மழை மட்டும்தான் கேட்கிறது.